பதினேழு செடிகளும் ஒரு பூவாளியும்

1.
இந்தக் கதை ஒரு பூவாளியில் தொடங்கியது. மாலைநேரக் கதை வகுப்பில் "நடந்ததை எழுதுங்கள்" என்றார்கள். கை வரவில்லை. அதனால் 'நான்' வரவேண்டிய இடத்தில் 'தம்பி' என்று போட்டுக்கொள்கிறேன்.

முதல் தொடக்கம்: "அந்தக் கோடை வெயிலில் செடிகள் கருகி—"

(அடித்துவிட்டேன். வெயில்மீது பழி போடக் கூடாது.)

2.
அக்கா வீட்டு வாசலில் பதினேழு செடிகளை நட்டவர் அத்தான். எல்லாம் இந்த மண்ணில் தானாக முளைப்பவை. மழையில் தழைக்கும், கோடையில் இலை உதிர்த்து, சுள்ளியாகி உறங்கும். செடிகள் மூன்று மழைக்காலம் கண்டன. அவர் ஒன்றுதான் கண்டார்.

அறுவை சிகிச்சைக்குப் போகும்போது அக்கா சாவியைக் கொடுத்தாள். "வீட்டைப் பாத்துக்கடா. செடிக்கு ஒண்ணும் செய்ய வேணாம்."

(எங்கள் வீட்டில் யாரும் எதையும் வேண்டுமென்று கேட்டதில்லை. "ஒண்ணும் வேணாம்" என்பவருக்குத்தான் முதலில் பரிமாறுவோம்.)

தம்பி தினமும் காலையில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பூவாளி ஊற்றினான். ஏழு வாரம். ஊற்றிய நாளுக்கெல்லாம் நோட்டில் டிக் அடித்தான். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

3.
தம்பி கூப்பிட்டதால் நாற்றுப்பண்ணைக்காரர் வந்து ஒரு செடியைப் பிடித்தார். கையோடு வந்தது. வேர் கறுத்து, கொழகொழவென்று, சாக்கடை நாற்றம்.

"கோடையில யாருப்பா தண்ணி ஊத்துனது?"

"நான்தாங்க. வாடுன மாதிரி இருந்துச்சு..."

"தூங்குறவன் வாயில சோத்தத் திணிச்சிருக்க. பதினேழும் போச்சு."

அவர் போனபின் தம்பி அந்தச் செடியை அதே குழியில் நிறுத்தி, மண்ணை மிதித்து இறுக்கினான்.

(இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.)

4.
அக்கா பாதியாய் இளைத்துத் திரும்பினாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டுச் சுள்ளிகளையே பார்க்கிறாள்.

"தண்ணி கிண்ணி ஊத்தலையே?"

"இல்லக்கா."

"நல்லவேளை. உன் நல்ல மனசை நெனச்சுத்தான் ஆஸ்பத்திரியில பயந்துட்டே கெடந்தேன். உங்கத்தான் கை வச்சதுல அதுதாண்டா மிச்சம். மொத மழைக்குத் துளிர்க்கும் பாரு."

5.
முடிவு ஒன்று: தம்பி சொல்லிவிடுகிறான். (அக்காவின் முகத்தை எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: அவள் மருத்துவரிடம் போகும் நாளில் அதே செடிகளை வாங்கி மாற்றி நடுகிறான். (கேட்டுப் பார்த்தேன். பண்ணையில் ஒன்பதுதான் இருக்கிறதாம்.)

முடிவு மூன்று: அக்கா ஏற்கெனவே ஒரு செடியை இழுத்துப் பார்த்து—

மேற்கே கறுத்துவிட்டது. முதல் துளிகள் தகரக் கூரையில் விழுகின்றன. அக்கா கூப்பிடுகிறாள்: "டேய், ஓடி வாடா! மழைடா!"

என் மேசையிலிருந்து வாசலுக்குப் பதினோரு அடி. அங்கே போய்ச் சொல்ல வேண்டியதை நீங்கள் எழுதுங்கள். 'தம்பி' என்று மட்டும் போடாதீர்கள்.