கொம்பும் நரம்பும்

ரெங்கம்மா முக்காலியில் ஏறி, அடுப்புக்கு மேலே தொங்கியதை அவிழ்த்து இறக்கினாள். இரண்டு விரலால் மட்டும் பிடித்திருந்தாள்.

"மாப்புள, இத எங்க போடுறது? பொட்டி வாறதுக்கு முன்னுக்கு வெளியாக்கணும். மாட்டுக் கொம்பையும் மாட்டு நரம்பையும் வீட்டுல வெச்சிக்கிட்டு எப்புடி அவளுக்கு வெளக்கு வெக்கிறது?"

நிஷாந்த் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் குளிர்ந்து கிடந்தது. சாவு வீட்டில் உலை வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த, பால் ஊற்றாத தேயிலைச் சாயத்தண்ணி அவன் கையில் ஆறிக்கொண்டிருந்தது. பதுளையில், உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைக்கிற மலர்ச்சாலையிலிருந்து வண்டி புறப்பட்டுவிட்டது என்று சற்று முன்புதான் தொலைபேசியில் சொன்னார்கள். வண்டியில் வந்துகொண்டிருந்தவள் அவன் மனைவி சுதர்ஷினி. ரெங்கம்மா அவளுடைய பெரியம்மா.

"இத அளைஞ்சிதான் அவளுக்கு அந்தக் காய்ச்சல் வந்திச்சு" என்றாள் ரெங்கம்மா, முக்காலியிலிருந்து இறங்கியபடி.

அப்படியில்லை. மாட்டுத் தொழுவங்களில் தேங்கி நின்ற தண்ணீரில் இறங்கி வேலை செய்தவள். எலிக்காய்ச்சல் என்று டாக்டர் சொல்வதற்குள் சிறுநீரகம் போய்விட்டது. இதைச் சொல்ல எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. நிஷாந்த் உட்கார்ந்தே இருந்தான்.

ரெங்கம்மாவின் கையிலிருந்ததைப் பார்த்தால் வில் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடுகிற அளவுக்கு வளைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு வளையம். நடுவில் மூங்கில். ஒரு பக்கம் எருமைக் கொம்பைச் சீவி ஒட்டியது. மறுபக்கம் நரம்பு.

சுதர்ஷினி அப்புத்தளையில் கால்நடை அலுவலகத்தில் வேலை செய்தாள். மாட்டின் பின்னங்கால் நரம்பை உலர்த்தி, கல்லால் தட்டி, நூல் நூலாகப் பிரித்து, தோல் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையில் தோய்த்து வில் செய்கிறார்கள் என்று எங்கோ ஒரு வீடியோவில் பார்த்தாள். மறுநாளே இறைச்சிக்கடை றஹீமிடம் போய் நின்றாள். அதன் பிறகு நிஷாந்த் பள்ளிக்கூடத்துக் கணக்குத் தாள் திருத்தும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து நரம்பு பிரித்தாள். வீடே நாறியது.

"இதெல்லாம் முடிஞ்சி யாரச் சுடப்போற?"

"ஒங்களத்தான். ஓடிப் பாருங்க."

வளைக்கும்போது கொம்பு அமுங்கும், நரம்பு இழுக்கும், ரெண்டும் சண்டை போடாமல் மூங்கில் நடுவில் நிற்கும் என்று விளக்கினாள். காயும்வரை எதிர்ப்பக்கமாக வளைத்துக் கட்டிவைக்க வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போகவேண்டும். முன்னதாகக் கட்டை அவிழ்த்தால் முறுக்கிக்கொள்ளும். இந்த ஊர்ப் பனிமூட்டத்தில் பசை காயாது. அதனால்தான் அடுப்புக்கு மேல்.

"அத இங்க குடு."

தம்பையா வாசலில் நின்றார். சுதர்ஷினியின் அப்பா. காலையிலிருந்து அவரும் யாரிடமும் பேசவில்லை. ரெங்கம்மாவிடமிருந்து வளையத்தை வாங்கி, தோளில் கிடந்த துண்டால் அதன் கரியைத் துடைத்தார்.

"எம்புள்ள கையால செஞ்சது. அவளோட போகட்டும்."

ரெங்கம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு முக்காலியை ஓரமாக நகர்த்தினாள். தம்பையா ஒரு தடவை நிஷாந்தைப் பார்த்தார். நிஷாந்த் சாயத்தண்ணியைக் குடித்து முடித்தான்.

பெட்டி வந்தது. கல்யாணச் சேலையை உடுத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிய பொட்டு. அவள் அவ்வளவு பெரிதாக வைக்கிறவள் அல்ல. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அவன் அழவில்லை என்பதைச் சிலர் கவனித்ததை அவனும் கவனித்தான்.

றஹீம் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். பெட்டியருகே சற்று நின்றுவிட்டு, வெளியே வெள்ளைக்கொடி கட்டிய கம்பத்தடியில் நிஷாந்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கடைக்கு வாற ஆக்கள் எல்லாம் ஈரல் கேப்பாங்க தம்பி. இந்தப் புள்ள மட்டும்தான் கால் நரம்பு கேக்கும். நான் பகிடின்னு நெனச்சேன்."

"ம்."

"இன்னொரு சோடி நரம்பு காயப்போட்டு இரிக்கி. ரெண்டாவது வில்லுக்கு."

நிஷாந்த் திரும்பினான். "ரெண்டாவதா?"

"ஓம். மொத வில்லு எப்புடியும் ஒடைஞ்சிரும் றஹீம் நானா, ஒடைஞ்சாத்தான் எங்க பிழைன்னு தெரியும்னு சொல்லிச்சு. அத ஒடைக்கிறதுக்குத்தான் அவ்வளவு பாடு." றஹீம் சிரிக்கப் பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எங்க அது?"

"பொட்டிக்குள்ள வெச்சிட்டாங்க."



மயானம் தேயிலைச் சரிவுக்குக் கீழே. போகும்போதே மூட்டம் இறங்கிவிட்டது. முன்னால் போகிற தப்புச் சத்தம் கேட்டது, தப்படிக்கிறவர்கள் தெரியவில்லை. குழியருகே பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தார்கள். சுதர்ஷினியின் காலடியில் அந்த வளையம் இருந்தது. அதன்மேல் யாரோ சாமந்திப் பூ போட்டிருந்தார்கள்.

காரியம் செய்கிற பெரியவர் குனிந்து கால்விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அறுத்தார். கைவிரல்களைக் கட்டிய துணியையும் அறுத்தார். பிறகு வளையத்தைப் பார்த்தார்.

"இதென்ன தம்பையா, இதையும் அவுத்துடணும். கட்டு ஒண்ணும் உள்ளுக்குப் போகக்கூடாது. புள்ள நிம்மதியாப் போகணுமில்ல."

கத்தியை நீட்டினார். தம்பையா கத்தியை வாங்கவில்லை. மண்டியிட்டு முடிச்சை நகத்தால் நெம்பினார். அது அசையவில்லை. வளையத்தைக் காலால் மிதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுதர்ஷினி இறுக்கிய முடிச்சு. அன்றைக்கு நிஷாந்த் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். விட்டுறாதீங்க, விட்டுறாதீங்க என்று சொல்லிக்கொண்டே கட்டினாள்.

முதல் புரி தளர்ந்தது.

"மாமா. அவுக்காதீங்க."

காலையிலிருந்து யாரும் கேட்காமல் அவனாகப் பேசிய முதல் வாக்கியம். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

தம்பையா நிமிரவில்லை. "கட்டோட எப்புடி மாப்புள அனுப்புறது?"

"அனுப்ப வேணாம்."

தப்பு நின்றது. பெரியவர் கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ பொருளு அது" என்றார் தம்பையா.

"ஆமா. இன்னும் முடியல."

"முடிக்க ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன?"

"ஒடையுதான்னு பாக்கணும் மாமா. அவ பாக்கணும்னு இருந்தா."

தம்பையா தளர்ந்த புரியை மீண்டும் இழுத்து இறுக்கினார். பூக்களை மகளின் பாதத்தின்மேல் தள்ளிவிட்டு, வளையத்தை வெளியே எடுத்துத் தன் துண்டில் சுற்றினார்.

பெட்டி இறங்கியது. நிஷாந்த் மண் போட்டான். தம்பையா ஒரு கையால் மண் போட்டார். மறுகை துண்டுப் பொதியை நெஞ்சோடு அணைத்திருந்தது.

மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரமும் ஊதுபத்தி வாடையும். ரெங்கம்மா வாசலில் உட்கார்ந்தபடி பொதியைப் பார்த்தாள். "திரும்பியும் கொண்டாந்துட்டீங்களா" என்றாள். குரலில் பலமில்லை. உள்ளே போகட்டும் என்று காலை மடக்கி வழிவிட்டாள்.

தம்பையா துண்டைப் பிரித்தார். நரம்புப் பக்கத்தை விரலால் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"பிசுபிசுக்குது."

இருவரும் அடுப்பைப் பார்த்தார்கள். நாளைக்கும் பற்றவைக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"வாங்க" என்றார் தம்பையா.

எங்கே என்று நிஷாந்த் கேட்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கிற டிரையரில்தான் தம்பையா வேலை செய்து ஓய்ந்திருந்தார். பாதை சேறாக இருந்தது. மாமனார் முன்னால் நடந்தார், மருமகன் பின்னால். ஓரிடத்தில் தம்பையா வழுக்கினார். நிஷாந்த் அவர் முழங்கையைப் பிடித்தான். மேடு ஏறி முடியும்வரை விடவில்லை.

டிரையர் அறைக் கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. பனியனோடு நின்று தேயிலையைக் கையால் அளைந்து பார்த்துக்கொண்டிருந்த இப்போதைய டிரையர்க்காரன் தினேஸ் அவர்களைக் கண்டதும் விலகி நின்றான். ஈரத் தலைகளையும் தம்பையாவின் தோளில் தொங்கிய வளையத்தையும் பார்த்தான்.

"காயணும்" என்றார் தம்பையா. "அதிகமாச் சூடு படக்கூடாது."

"எவ்வளவு நாளைக்கு மாமா?"

தம்பையா நிஷாந்தைத் திரும்பிப் பார்த்தார்.

"வெயில்காலம் முடியிற மட்டும்" என்றான் நிஷாந்த்.

தினேஸ் அறையைச் சுற்றிப் பார்த்தான். இயந்திரத்துக்குத் தள்ளி, சுவரில் ஒரே ஒரு ஆணி. மழையில் நனைந்த அவனுடைய சட்டை அதில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து, ஈரத்தோடே போட்டுக்கொண்டு, பொத்தான்களைப் பூட்டினான்.