செல்லாத பதிவு

முப்பத்தோரு வருடமாக அவர் குழந்தைகளின் எச்சிலைச் சேகரித்து வந்தார். பல்கலைக்கழகத்தில் அவருக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் நான்காவது மாடிக்கு வந்துவிடும் என்பதால் எல்லோரும் எச்சில் டாக்டர் என்றார்கள். முகத்துக்கு நேரே மேடம்.

பயந்தாலோ பதறினாலோ உடம்பில் ஒரு சுரப்பு ஏறும். எச்சிலைச் சோதித்தால் தெரியும். பச்சைக் குழந்தையில் அது ஏறி, இறங்காமலே நின்றுவிட்டால், பின்னாளில் தூக்கம், படிப்பு, கோபம் எல்லாவற்றிலும் அதன் கை இருக்குமா? இதைக் கண்டுபிடிக்க இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளை ஆறு மாத வயதில் சேர்த்து, இருபது வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார். வருடம் ஒருமுறை பஞ்சுத் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லிக் குப்பியில் போடுவார்கள். பதினைந்து வயதில் ஒருவன் பஞ்சை அவர் மேலேயே துப்பினான். அதையும் குப்பியில் போட்டுத் தேதி எழுதினார்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் முதல் நாள் பரிசோதனை. தாய் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு நிமிடம் கொஞ்சி விளையாட வேண்டும். மணி அடித்ததும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் பேசாமல், சிரிக்காமல் பார்க்க வேண்டும். குழந்தை என்ன செய்கிறது, எவ்வளவு நேரத்தில் அழுகிறது என்பதைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து கேமரா பதிவு செய்யும்.

அவர் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பஸ் ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் மடங்கிப்போன அட்டை.

"என் நம்பர் நூத்திப் பதினேழு. அப்பா வீடு மாத்தும்போது அலமாரியில கிடைச்சுது."

"உக்காருங்க."

"மூணு மணிக்கு எனக்கு வண்டி எடுக்கணும். எனக்கு ஒண்ணே கால் வயசுல அம்மா இறந்துபோயிட்டாங்க. போட்டோ இருக்கு. எல்லாத்துலயும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிட்டு நிக்கிறாங்க. இங்க வீடியோ எடுத்தாங்கன்னு அப்பா சொன்னாரு. அசையற மாதிரி ஒரு தடவை பார்க்கணும்."

எச்சில் டாக்டர் பழைய பதிவேட்டைத் திறந்தார். நூற்றுப் பதினேழுக்கு எதிரே 'செல்லாது' என்றிருந்தது. காரணம்: 'தாய் ஒத்துழைக்கவில்லை.'

"உங்கம்மா ஒத்துழைக்கலைன்னு எழுதியிருக்கு."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"அப்படி என்ன பண்ணினாங்க?"

"ஞாபகம் இல்லம்மா."

செல்லாத பதிவுகளை அழித்துவிடுவது விதி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே அவர் உத்தரவு போட்டிருந்தார். ஒளிப்பதிவு அறையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அழிக்கச் சொன்னீங்க மேடம். கையெழுத்துகூடப் போட்டுக் குடுத்தீங்க."

"அழிச்சீங்களா?"

"அப்ப மெஷின் ரிப்பேர்."

"அப்புறம்?"

"சரியாச்சு. நீங்க திரும்பக் கேக்கல."

"எங்க இருக்கு?"

"பிரிண்டருக்கு அடியில. மேசை உயரம் பத்தல."

டெக்னீஷியன் பிரிண்டரைத் தூக்கிக் கேசட் பெட்டியை உருவினார். பழைய கேசட் பிளேயரை மூன்று இடத்தில் தட்டியதும் படம் வந்தது. முடியை உயரத் தூக்கிக் கிளிப் போட்ட ஓர் இளம்பெண். எதிரே நாற்காலியில் கொழுகொழுவென்று குழந்தை. மணி அடித்தது. தாய் முகத்தை இறுக்கினாள். குழந்தை சிரித்துப் பார்த்தது, பிறகு புருவத்தைச் சுருக்கிப் நாற்காலியின் முன்பலகையில் ஓங்கி ஒரு தட்டு தட்டியது. பதினோராவது நொடியில் தாய் சிரித்துவிட்டாள்.

"அம்மா, சிரிக்கக் கூடாது. மறுபடி ஆரம்பிக்கலாம்," என்றது ஒலிபெருக்கியில் ஒரு குரல். எச்சில் டாக்டருக்குத் தன் குரலை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊசி போடுவதற்கு முன் பேசுகிற குரல் அது.

இரண்டாம் முறை ஒன்பது நொடி. மூன்றாம் முறை பதினான்கு. பிறகு தாய் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினாள்.

"அவ என்னையே பார்க்கிறாளே. நான் எப்படி சும்மா இருக்கறது? நீங்க வேணா வந்து உக்காருங்க, எனக்கு வரல."

"சரி, போதும்," என்றது குரல்.

கேமராவை நிறுத்த எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் தேடினாள். "எங்கடி போட்ட? காலு ரெண்டு, சாக்ஸ் ஒண்ணு. கணக்கு உதைக்குதே." நான்கு நிமிடம் தேடினாள். கிடைக்கவில்லை. ஒற்றை சாக்ஸோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அதன் பிறகு காலி நாற்காலி.

பஸ் ஓட்டுநர் வெகுநேரம் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு வேகமாப் பேசுவாங்களா," என்றாள். "மறுபடி போடுங்க."

மூன்று முறை போட்டார்கள். இரண்டே முக்காலுக்கு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னைப் பத்தி என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல. முதல் பதிவு செல்லலைன்னு ஆய்வுல உங்களைச் சேர்க்கல."

"இருபது வயசு வரைக்கும் வந்து பஞ்சைக் கடிச்சேனே."

"அதெல்லாம் பத்திரமா ஃப்ரீசர்ல இருக்கு."

"அம்மா இல்லாம வளந்தவளை விட்டுட்டா, பின்ன யாரைத்தான் சேர்த்தீங்க?"

எச்சில் டாக்டர் பதிவேட்டை மூடிவிட்டு இழுப்பறையைத் திறந்தார். நகல் கொடுக்க ஒரு படிவம் இருந்தது. அவரே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை மகளுக்குப் போன் செய்தார்.

"நீ குழந்தையா இருந்தப்ப உன்னை வச்சு அந்தப் பரிசோதனை பண்ணிப் பார்த்தேன், தெரியுமா?"

"எது, மூஞ்சிய உம்முனு வச்சுக்கறதா? அது உன் சாதாரண மூஞ்சின்னு நினைச்சேம்மா."

பிறகு மகள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள். அவர் போனார். நிறையப் பேசினார், உடம்புக்கு ஏதாவதா என்று மருமகன் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

மறுவாரம் பஸ் ஓட்டுநர் போன் செய்தாள். "அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அந்த சாக்ஸ் அவர் சட்டைப் பையிலயே இருந்துச்சாம். வெளியில உக்காந்திருந்தாராம். வீட்டுக்குப் போனப்புறம்தான் பார்த்தாராம். அம்மா திட்டுவாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையாம்."

"இப்ப என்ன சொல்றாரு?"

"மறுபடி போடுங்கிறாரு."

பெட்டியில் இருபத்து மூன்று கேசட்டுகள் இருந்தன. எல்லாவற்றையும் எச்சில் டாக்டர் பார்த்தார். சிலவற்றில் கேமரா பழுது, சிலவற்றில் குழந்தை தூக்கம். ஒன்பதில் மட்டும், தாயால் முகத்தைக் கல்லாக்க முடியவில்லை. அந்த ஒன்பது குழந்தைகளின் எச்சிலையும் வெளியே எடுத்துக் கணக்குப் போட்டார். ஒன்பது பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று வந்தது. அதையே மூன்று பக்கக் கட்டுரையாக எழுதினார்: இத்தனை வருடம் தன் ஆய்வு அளந்தது, சொன்னபடி முகத்தை அசைக்காமல் உட்காரக்கூடிய தாய்மாரின் பிள்ளைகளை மட்டுமே, மற்றவர்களைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது. ஆய்விதழ் அதை இரண்டு பக்கமாகக் குறைக்கச் சொன்னது. குறைத்தார். பதிவேட்டில் ஒன்பது இடத்திலும் 'ஒத்துழைக்கவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஒன்பது குடும்பங்களுக்கும் கடிதம் போட்டார். அவர் வேலையின் கடைசி வாரத்தில், அவர்களில் ஒரு தாய் நகலை வாங்கிக்கொள்ள நேரிலேயே வந்தார். அறுபதைத் தாண்டியவர். எச்சில் டாக்டர் பதிவைப் போட்டுக் காட்டி, அன்று அவரால் ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

"அதுவா," என்றார் அந்த அம்மா. "அன்னிக்கு எனக்குக் கடைவாய்ப் பல்லு வலி. வாயை இறுக்கினா உயிர் போச்சு. அதான் இளிச்சுட்டே இருந்தேன்."

எச்சில் டாக்டர் அந்த ஓர் இடத்தில் மட்டும் குறிப்பை மறுபடி அடித்து, 'பல் வலி' என்று எழுதினார்.