கிரேனுக்கடியில் ஓர் இடம்

ஆனி முடிவதற்குள் மகன் மணிகண்டனுக்கு இரும்பால் கண்டம் என்று ஊத்துக்கோட்டை ஜோசியர் சொன்னதிலிருந்து கெங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கோ கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் கிரேனுக்கு அடியில்தான் வேலை.

"வேற எடம் கேளுடா. இல்லனா நான் உயிரோட இருக்க மாட்டேன்."

"பேஜாரு பண்ணாதம்மா" என்றான்.

ஆனால் அவனுக்கும் பயம் இருந்தது. கிரேன் சங்கிலியில் ஒரு வளையம் வாய் பிளந்திருந்ததை முந்தின வாரமே பார்த்துவிட்டான். சொன்னால் வேலை நிற்கும். நிறுத்தியவனைக் காண்ட்ராக்டர் வேலையை விட்டே அனுப்பிவிடுவார். அம்மாவின் ஜோசியம் நல்ல சாக்காக வந்தது. முதுகுவலி என்று பொய் சொல்லி லாரி லோடு பக்கம் மாறிக்கொண்டான். அவன் இடத்துக்குக் கூட வேலை செய்யும் தாவீதை அனுப்பினார்கள்.

"பாத்து வேலை செய்ணா."

"கர்த்தர் பாத்துக்குவாரு, நீ போ" என்று தாவீது சிரித்தான்.

சங்கிலியைப் பற்றிச் சொல்ல மணிகண்டனுக்கு வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டான். நான்கு நாள் கிரேன் உறுமும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். டிபன்பாக்ஸ் திறக்காமலே வீடு திரும்பியது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம். ஐந்தாம் நாள் காலை சங்கிலி அறுந்தது. விழுந்த இரும்புக்கு அடியிலிருந்து தாவீதை எடுத்தபோது உயிர் இல்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். கம்பெனி ஆளும் அதையே சொன்னார். கெங்கம்மாள் திருப்பாச்சூர் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்து மகன் நெற்றியில் விபூதி வைத்தாள்.

"எம்புள்ளைய சிவன் காப்பாத்திட்டாரு."

மணிகண்டன் அதைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தாவீது வீட்டுக்கு நடந்தான். தாவீதின் மனைவி கிரேஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு நேரம் அவ்ளோதான் மணி" என்றாள்.

"இல்ல அண்ணி. அந்தச் சங்கிலி அறுந்து போவும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் நான் எடம் மாறினேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு நாளு இருந்துச்சே மணி."

அவள் எழுந்து உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"நாளைக்கு விசாரணைக்கு ஆபீசர் வர்றாராம். இன்னா தெரியுமோ எல்லாத்தையும் எழுது."

எழுதினான். 'நான் பார்த்தேன், சொல்லவில்லை' என்ற வரியில் கை நின்றது. கிரேஸ் நகரவில்லை. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அந்தத் தாள் ஆபீசர் கைக்குப் போன மறுவாரம் கம்பெனி கேட்டில் அவனை உள்ளே விடவில்லை. கிரேஸ் அதற்குப் பிறகு அவனிடம் பேசவும் இல்லை.