குலசிங்கம் மாஸ்டருக்கு ஒரு பிளேன்டி

அந்தச் சனிக்கிழமை காலை என் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாவது நான், சூசைப்பிள்ளை, துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவன். பிறகு என் தங்கை எல்சி. அவளுடைய மகள் லதுஷா. அவளுக்கு அடுத்த புதன்கிழமை கல்யாணம். சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஜவாஹிர். கடைசியாக என் மருமகள் மரிசெல். அவள் மடியில் இருந்த நான்கு மாதக் குழந்தையையும் சேர்த்தால் ஆறு. வேறு ஒருவரும் இருக்கவில்லை. மதிலுக்கு அப்பால் நின்று காது கொடுத்தவர்களை நான் சேர்ப்பதில்லை.

மரிசெல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண், மணிலாவில் பிறந்தவள். என் மகன் அஞ்சலோ கட்டாரில் வேலை செய்தபோது அவளைச் சந்தித்து, நம்முடைய கத்தோலிக்கக் கோயிலில் வைத்தே கைப்பிடித்தான். அவன் இப்போது கப்பலில் இருக்கிறான். அவள் திருகோணமலைக்கு வந்து பதினான்கு மாதம். மீன் சந்தையில் அவளுக்குச் சீனத்தி என்று பெயர் வைத்தார்கள். அவள் அதைச் சட்டை செய்யவில்லை. பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "ஏலாது, இது நேத்தையான்" என்று திருப்பி வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போவாள். ஊருக்குள் மாடுகளைப் போலத் திரியும் தெரு மான்கள் அவளுடைய கீரைப் பாத்தியைத் தின்றபோது ஒருவரையும் கேளாமல் கம்பி வலை வாங்கி வந்து கட்டினாள். விசா அலுவலுக்குக் கைக்குழந்தையோடு கொழும்பு பஸ் ஏறிப் போய் வந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவளைப் பற்றிக் கதைக்கிறவர்கள் என் வீட்டைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை, எங்கள் வீதியில் இருந்த பழைய வாத்தியார் குலசிங்கம் மாஸ்டரின் அடக்கம் நடந்தது. என் முழங்கால் கல்லறைகள் இருக்கும் சேமக்காலை வரை நடக்க விடாது. ஆகவே எங்கள் வீட்டின் சார்பில் மரிசெல் போனாள், குழந்தையோடு நான் இருந்தேன். அடக்கம் முடிந்தால் நேரே வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வருவது நம்முடைய வழக்கம். இடையில் இன்னொரு வீட்டுப் படி ஏறுவதில்லை. அவளுடைய ஊரிலோ இதற்கு நேர்மாறு. சேமக்காலையிலிருந்து நேரே வீட்டுக்குப் போனால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவாராம். வழியில் ஒரு கடையில் கொஞ்ச நேரம் இருந்து, அவரை அங்கே விட்டுவிட்டு வரவேண்டுமாம். என் வழக்கத்தை நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கோயிலுக்குப் போகிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது.

ஜவாஹிரின் கடையில் பால் போடாத ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வருவதுதான் அவளுடைய எண்ணம். ஆனால் ஜும்ஆத் தொழுகை நேரம். சந்தியில் எல்லாக் கடைகளும் பூட்டியிருந்தன. வெயிலில் சற்று நேரம் நின்று பார்த்தவள், கதவு திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் போனாள். அது எல்சியின் வீடு. குசினியில் கல்யாணப் பலகாரத்துக்கு முதல் சட்டி அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது.

மறுநாள் எல்சி மகளோடு வந்தாள். கடை பூட்டியிருந்ததற்குச் சாட்சி சொல்ல ஜவாஹிரை நான் கூப்பிட்டிருந்தேன். கதிரையைக் காட்டியும் எல்சி இருக்கவில்லை.

"கறுத்த உடுப்போட, செருப்பில சேமக்காலை மண்ணோட வந்து என்ட சட்டிக்குப் பக்கத்தில நிக்கிறா, அண்ணை. ஒரு முறுக்கை எடுத்து வாயிலயும் போட்டவ. எண்ணெய், குழைச்ச மா எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொட்டினனான்."

"அது நல்ல முறுக்கு, மாமி," என்றாள் மரிசெல்.

லதுஷா குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"ஏன் வந்தவ எண்டு கேளுங்கோ அவவை."

மரிசெல் நிதானமாகச் சொன்னாள். "எங்கட ஊரில நேரா வீட்டுக்கு வரக் கூடாது, மாமி. செத்த ஆள் பின்னால வரும். வீட்டில பேபி இருக்கு. அதால வேற இடத்தில இருந்து, ஆளை விட்டிட்டு வாறது."

அதுவரை துடக்கு, சாவீட்டுத் தீட்டு ஒன்றுதான் எல்சியின் முறைப்பாடு. இப்போது அவள் முகம் வெளுத்தது.

"அப்ப குலசிங்கம் மாஸ்டரைக் கொண்டுவந்து என்ட வீட்டிலயோ விட்டிட்டுப் போனனீ?"

மரிசெல் யோசித்துப் பார்த்தாள். "ஓம்," என்றாள்.

ஜவாஹிர் இருமத் தொடங்கினான்.

"புதன்கிழமை இவ கோயில் பக்கம் வரக் கூடாது," என்றாள் எல்சி. "அதுக்கு முதல் என்ட வாசலில வந்து மன்னிப்புக் கேக்கோணும்."

லதுஷாவுக்குத் தகப்பன் இல்லை. அவளைக் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக வேண்டியவன் தாய்மாமனாகிய நான்.

"என்ட மருமகள் கோயில்ல முதல் வாங்கு வரிசையில இருப்பா," என்றேன். "இல்லையெண்டா நானும் இல்லை. வேற மாமனைத் தேடு."

"தேடுறன்," என்றாள் எல்சி. அவளும் எங்கள் அப்பாவின் பிள்ளைதான்.

"ஒருத்தரையும் தேட வேண்டாம்," என்றாள் லதுஷா. "நான் தனியவே நடந்து போறன். ரெண்டு பேருக்கும் சந்தோசமா இருக்கும்." சொல்லும்போது அவளுடைய குரல் உடைந்தது.

மரிசெல் எழுந்து குழந்தையை லதுஷாவின் கையில் கொடுத்தாள்.

"நான் கொண்டு வந்த ஆள், மாமி. நான் கொண்டு போறன்."

"எங்க?"

"கடைக்கு. நேத்துப் போக வேண்டிய இடம்."

எல்லோரும் ஜவாஹிரைப் பார்த்தோம். அவன் தாடியைத் தடவினான்.

"எங்களுக்கு இதில நம்பிக்கையில்ல, சூசை ஐயா. எண்டாலும் மாஸ்டர் இருக்கக்குள்ள நாளைக்கு மூணு தரம் நம்மட கடைக்கு வந்த ஆள். வழி தெரியும். வரட்டும்."

"மன்னிப்பு?" என்றாள் எல்சி.

"பேபிக்காகச் செய்தனான், மாமி. இனியும் செய்வன். உங்கட வீட்டுக்கு வர மாட்டன், கடைக்குப் போவன். ஆனா செய்வன்."

நான் உள்ளே போய் வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத காற்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தேன். உட்துறைமுக வீதியில் என் மருமகளைத் தனியே நடக்கவிட்டு மற்றவர்கள் பார்க்க நான் இடம் கொடுக்க மாட்டேன். முழங்கால் நொந்தது. ஜவாஹிர் முன்னாலும், எல்சியும் குழந்தையோடு லதுஷாவும் பின்னாலுமாக மெதுவாக நடந்தோம். சைக்கிள்கள் நின்றன. யன்னல்கள் திறந்தன. நான் ஒருவருக்கும் தலையசைக்கவில்லை.

எல்சியின் வாசலில் மரிசெல் நின்றாள். "மாஸ்டர், வாங்கோ," என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். பிறகு திரும்பிப் பாராமல் தெருவைக் கடந்து ஜவாஹிரின் கடைக்குள் போனாள்.

இந்த எழுபத்தாறு வயது வரை நான் தெருக்கடையில் இருந்து தேத்தண்ணி குடித்தவன் இல்லை. எங்கள் அப்பா அதற்கு விட்டதில்லை. அன்று தெருவைப் பார்த்தபடி, முதுகை நிமிர்த்தி இருந்தேன். ஜவாஹிர் மூன்று பிளேன்டி கொண்டுவந்தான். மூன்றாவதை வெறும் கதிரைக்கு முன்னால் வைத்தான்.

"மாஸ்டருக்குச் சீனி போடேல்ல, ஐயா. சீனி வருத்தமெல்லோ அவருக்கு."

"இனி என்ன வருத்தம். போடும்," என்றேன்.

அவன் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினான். தெருவுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு வாசலில் நின்ற எல்சி அங்கிருந்தே கேட்டாள்.

"அங்க வந்திட்டாரோ?"

மரிசெல் வெறும் கதிரையைப் பார்த்தாள். "ஓம், மாமி. இருக்கிறார்."

 எல்சி குசினிப் பக்கம் போனாள். நாங்கள் குடித்து முடிக்கும்போது அவளுடைய வீட்டிலிருந்து எண்ணெய் காயும் மணம் வந்தது. திரும்பிப் போகும் வழியில் லதுஷா குழந்தையை இடுப்பில் வைத்தபடி வேலியருகே ஒரு தட்டோடு நின்றாள். "அம்மா தந்தவ. மரிசெல் அக்காவுக்காம்," என்றாள். சுடச்சுட முறுக்கு இருந்தது. மரிசெல் வாங்கவில்லை. முதலில் வீட்டுக்குப் போய் முழுகிவிட்டு வந்து, பிறகு வாங்கினாள்.

புதன்கிழமை லதுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு பீடம் வரை நடந்தேன். மரிசெல் குழந்தையோடு முதல் வாங்கில், எல்சிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

மரிசெல் எல்சியின் வாசலில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கல்யாணம் நடந்தது என்று வீதியில் ஒரு கதை உலவுகிறது. அவள் முழந்தாளிடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.