முகத்தின் நகல்

நாராயணஸ்வாமி விரித்த காகிதத்தில் ஒரு முகத்தின் ஓரம் மட்டும் இருந்தது. நட்சத்திரக் குறிகளால் ஒரு நீள்வட்டம், மேலே வகிடு. கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுக்கா இத்தனை நாள் காக்க வச்சேள்?" என்றேன்.

என் கணவர் ரகுநாதனும் அவரும் உப்பலில் ஓர் அரசு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஆபீஸ் முடிந்தபின் ரகு அந்த மெஷினில் எழுத்துகளையும் குறிகளையும் அடுக்கி என் முகத்தை வரைந்துகொண்டிருந்தார். சொந்தக் காரியத்துக்குப் பிரிண்டரைத் தொட்டால் மேனேஜர் குதிப்பாராம். அவர் லீவில் போகட்டும், எடுத்துவருகிறேன் என்பார். "அந்த மெஷினுக்கு வேற மூஞ்சியே கிடைக்கலையா?" என்று கேலி செய்வேன். மேனேஜர் லீவு போடுவதற்குள், எண்பத்தெட்டு மழைக்காலத்தில், தார்நாகா அருகே ஸ்கூட்டரில் லாரி மோதி ரகு போய்விட்டார்.

ஆள் போனால் அவர் மெஷினில் வைத்திருந்ததையெல்லாம் அழித்துவிடுவது அங்கே வழக்கம். அதற்கு முன் படத்தை ஒரு ஃப்ளாப்பியில் நகலெடுத்திருந்தார் நாராயணஸ்வாமி.

"கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியா வச்சிருந்தார், பாமா மன்னி. நான் எடுத்ததுல முகத்தோட கோடும், எது எங்க இருக்குங்கற குறிப்பும்தான் வந்தது. இப்போ மெஷின்ல அந்தக் குறிப்பு காட்டற இடத்துல போய்ப் பார்த்தா ஒண்ணுமில்லே, அழிச்சுட்டா. இதுக்குப் பேரே இருக்கு, ஷாலோ காப்பின்னு. வெளிநாட்டுப் புஸ்தகத்துல இப்போதான் பார்த்தேன். குளத்துல மேல் தண்ணியை மட்டும் மொள்ற மாதிரி, அடியில இருக்கறது வராது. அடிவரைக்கும் எடுத்தா டீப் காப்பி."

"பேரைத் தெரிஞ்சுண்டு நான் என்ன பண்றது?"

அவர் கண் கலங்கிவிட்டது. பாவம், அவரை என்ன சொல்ல? என் முகம் எனக்கு வேண்டாம், கண்ணாடி இருக்கிறது. ரகுவின் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்தேன் என்பதுதான் வேண்டும். அதைச் சொல்ல இனி யாரிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தோன்றியது.

"நீங்க முழுப் படத்தையும் ஸ்க்ரீன்ல பார்த்திருக்கேளே, எப்படி இருந்தேன்?"

இந்த மாரெட்பள்ளி வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவர். என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. இப்போது பார்த்தார். நெற்றியில், கண்ணில், உதட்டில் எதையோ தேடினார்.

"சிரிச்சிண்டிருந்தேள்."

அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று சிரிக்கப் பார்த்தேன். உதடு நடுங்கியது. அவர் பார்வையை எடுக்காமலே மெதுவாகத் தலையாட்டினார்.

"இல்லே மன்னி, இது இல்லே."