இருபதாவது திட்டத்துக்கு எமில் சாபோவின் எதிர்ப்பு

கார்வெல் நகரத்தின் நடுவூரில் வண்டி நிறுத்த இடம் இல்லை. எமில் சாபோ இதை நகரமன்றத்தில் இருபத்துநான்கு வருடமாகச் சொல்லி வந்தார், யாரும் மறுத்ததில்லை. நடுவூரில் பாதிக்கு மேல் வண்டி நிறுத்தும் தளம்தான் என்பது வேறு விஷயம். இடித்த கட்டடம் ஒவ்வொன்றின் மேலும் தார் ஊற்றி, வெள்ளைக் கோடு போட்டு, பத்திரமாக வைத்திருக்கிறோம். ஈரி ஏரிப் பக்கமிருந்து வரும் வாத்துகள் அந்தக் கோடுகளுக்குள் வரிசையாக நிற்கப் பழகிவிட்டன. கோட்டை மிதித்து நின்ற ஒரு வாத்துக்குப் போலீஸ்காரர் அபராதச் சீட்டு கொடுத்தார். அது இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது.

ஆனாலும் இடம் இல்லை. ஏனென்றால் இடம் என்று நாங்கள் சொல்வது கடைவாசலுக்கு நேர் எதிரே இருப்பதை. நாலு கடை தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது வெளியூர்ப் பயணம். அதற்குப் பெட்டி கட்ட வேண்டும்.

இதற்கு மேல் ஒருவழித் தெருக்கள் வேறு. அடுப்புத் தொழிற்சாலை ஓடிய காலத்தில், மூன்று ஷிப்டு ஜனமும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பாய்வதற்காகப் போட்டவை. தொழிற்சாலை 1979இல் போய்விட்டது. தெருக்கள் மட்டும் இன்னும் ஒரே பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1983இல் பால் வாங்க நடுவூருக்குள் நுழைந்த ஒரு மனிதர் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி சந்திப்பில் நின்று மதியச் சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுவாள்.

மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை, மாலை ஆறு மணிக்கு நகரமன்றம் கூடும். பெயர் பதிந்தவர் யாராயிருந்தாலும் மூன்று நிமிடம் பேசலாம். எமில் எல்லாக் கூட்டத்திலும் பேசினார். ஒவ்வொரு பேச்சையும் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "இது நம்ம ஊர்ல நடக்காது."

நடக்கவும் இல்லை, அதுதான் அவருடைய பெருமை. நடுவூரைப் புதுப்பிக்க வந்த திட்டங்கள் பத்தொன்பது. பத்தொன்பதையும் எதிர்த்தார், பத்தொன்பதும் படுத்துக்கொண்டன. கண்ணாடிக் கூரை அங்காடி திறந்த அன்றே ஒழுகியது. உள்ளே வாளி விற்ற கடை மட்டும் ஓஹோவென்று ஓடியது. மீன் காட்சியகத்தில் பார்க்க வந்தவர்களைவிட மீன்கள் அதிகம். ஆள் வந்தால் அவைதான் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தன. ஐஸ் ஹாக்கி அணி ஒரு பருவம் முழுக்க ஆடி ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்தது, அதுவும் எதிரணியின் பேருந்து எங்கள் ஒருவழித் தெருக்களில் மாட்டிக்கொண்டதால்.

இருபதாவது திட்டம் லிண்டர்மன் கட்டடம். ஒரு காலத்தில் தொப்பியிலிருந்து சவப்பெட்டி வரை விற்ற ஆறு மாடிக் கடை. முப்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை நூற்றுப் பன்னிரண்டு குடியிருப்புகளாக மாற்றுவதாக ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. வழக்கம்போல எமில் உதட்டைப் பிதுக்கியிருப்பார். ஆனால் லிண்டர்மனுக்கு நேர் எதிரே அவருடைய அக்கா மார்கிட் நாற்பத்தோரு வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: எதிரே ஜனம் குடிவந்தால் இன்னும் பத்து வருடத்துக்குக் குத்தகை, இல்லையென்றால் கிறிஸ்துமஸோடு கடையை மூடி, கட்டடத்தை இடித்து, தார்.

வாக்கெடுப்பு நாள் காலையில் எமில் அக்காவின் கடையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, ஒரு முடிவுக்கு வந்துட்டேன்," என்றார். "இன்னைக்கு ஆதரிச்சுப் பேசப்போறேன்."

மார்கிட் கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். எழுபத்துநாலு வயது, ஆனாலும் அவள் வருகிற வேகத்தில் எமில் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உனக்கு நான் என்னடா பாவம் பண்ணினேன்?"

"உனக்காகத்தானே பேசறேங்கறேன்!"

"மன்றத்துல ஏழு ஓட்டு. மூணு பேர் ஆதரவு, மூணு பேர் எதிர்ப்பு. ஏழாவது யாரு?"

"டூயி பெட்டிஃபர்ட்."

"அவன் இருபத்துநாலு வருஷமா எப்படிடா கை தூக்குறான்?"

ஊருக்கே தெரிந்த பதில் அது. எமில் வேண்டாம் என்றதற்கெல்லாம் பெட்டிஃபர்ட் வேண்டும் என்று கை தூக்குவார்.

காரணமும் ஊருக்கே தெரியும். 1979இல் இருவரும் அடுப்புத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று கதவு பொருத்தினார்கள். புது ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காவிட்டால் தெற்கே போய்விடுவோம் என்று முதலாளிகள் சொன்னபோது, தொழிற்சங்கக் கூடத்தில் மேசை மேல் ஏறி நின்றது இருபத்துநாலு வயசு எமில். "வெறும் பூச்சாண்டிடா! இவனுங்க எங்கயும் போக மாட்டானுங்க!" என்று முழங்கினார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஆறே வாரத்தில் தொழிற்சாலை தெற்கே டென்னசிக்குப் போய்விட்டது, எமில் ஏறி நின்ற மேசையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு. அன்றிலிருந்து பெட்டிஃபர்ட்டுக்கு ஒரே கொள்கை: எமில் கிழக்கு என்றால் மேற்கு. அன்றிலிருந்து எமிலுக்கும் ஒரே கொள்கை: எதுவும் நடக்கும் என்று இனிமேல் வாயால் சொல்வதில்லை.

"நீ ஆதரிச்சா அவன் எதிர்ப்பான். என் கடை மேல வாத்து நிக்கும்," என்றாள் மார்கிட். "போய் எதிர்த்துப் பேசு. வழக்கத்தைவிட நல்லா எதிர்த்துப் பேசு."

"மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வாயால ஒண்ணு பேசச் சொல்றியா?"

"ஆமா. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உபயோகமா வாயைத் திற."

மாலையில் மன்றத்தில் நல்ல கூட்டம். பதினாலாவது பெயர் எமில், பதினைந்தாவது மார்கிட். எழுத்தர் நாடீன் பெயரைக் கூப்பிட்டபோது, வேண்டாததைச் செய்யப்போகிறவரின் நடையில் எமில் ஒலிவாங்கியை நோக்கிப் போனார். போய் நின்றதும்தான் தெரிந்தது, அது ஒன்றும் கஷ்டமில்லை என்று. வாய் தானே ஓட ஆரம்பித்தது. அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் போதுமானதாக இருந்தது.

நூற்றுப் பன்னிரண்டு வீடு என்றால் நூற்றுப் பன்னிரண்டு வண்டி, எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டார். இந்த ஊருக்குக் குடிவரச் சம்மதிக்கிற நூற்றுப் பன்னிரண்டு குடும்பம் இருந்தால், முதலில் அவர்களை டாக்டரிடம் அனுப்புங்கள் என்றார். சிரிப்பு. மீன் காட்சியகத்தை இழுத்தார்; ஹாக்கியை இழுத்தார்; வாளிக் கடையை இழுத்தபோது மேயரம்மாவே வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டரை நிமிடத்தில், தான் சொல்வது அத்தனையும் சரி என்று எமிலுக்கே பட்டுவிட்டது. திரும்பி அக்காவைப் பார்த்தபோதுதான் எதற்கு வந்தோம் என்று நினைவு வந்தது.

"இது நம்ம ஊர்ல நடக்காது," என்று முடித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

அடங்கியதும் டூயி பெட்டிஃபர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலை முழுக்க வெள்ளை. குரல் மட்டும் இன்னும் தொழிற்சாலை இரைச்சலுக்கு மேலே பேசப் பழகிய குரல்.

"மேயரம்மா, அடுத்தவரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. போன வாரம் என் வீட்டுக்காரி ஓபல் பழைய நடவடிக்கைக் குறிப்பு எல்லாத்தையும் எடுத்து என் முன்னாடி போட்டா. பத்தொன்பது தடவை இந்த மனுஷன் நடக்காதுன்னு சொல்லியிருக்கார். பத்தொன்பது தடவை நான் நடக்கும்னு கை தூக்கியிருக்கேன். 'யாரு சொன்னது பலிச்சிருக்கு, பாருங்க'ன்னா. எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. எழுபத்தொண்ணு வயசுல நான் ஒண்ணு ஒத்துக்கறேன்: எமில் சாபோ தொழிற்சாலை விஷயத்துல ஒரு தடவை தப்பாச் சொன்னான், அதுக்கப்புறம் ஒரு தடவையும் தப்பாச் சொல்லலை. அதனால இன்னைக்கு நான் எமில் பக்கம். என் ஓட்டு எதிர்ப்புக்கு."

ஒலிவாங்கியிலிருந்து இரண்டடி நகர்ந்திருந்த எமில் அப்படியே நின்றார். இருபத்துநான்கு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அவர் பேச்சைக் கேட்டு மனம் மாறியிருக்கிறார். சந்தோஷப்பட நேரமில்லை.

"டேய் டூயி, நில்லுடா," என்றார்.

"ஐயா, உங்க நேரம் முடிஞ்சுது," என்றார் மேயரம்மா.

"நான் சொன்னது பொய்யம்மா!"

"பொய்யோ நிஜமோ, மூணு நிமிஷம்தான்."

கதவருகே நின்ற போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வைத்தார். அதற்குள் மார்கிட் எழுந்துவிட்டாள்.

"பதினஞ்சாவது நான். என் மூணு நிமிஷத்தை இந்த மடையனுக்குக் குடுக்கறேன். விதியில இடமிருக்கா?"

நாடீன் புத்தகத்தைப் புரட்டினாள். "இருக்கு," என்றாள். "மடையன்னு குறிப்புல எழுதணுமா?"

"எழுது," என்றாள் மார்கிட்.

எமில் மறுபடியும் ஒலிவாங்கிக்கு வந்தார். இந்தத் தடவை வாய் ஓடவில்லை. எதிர்க்க ஆயிரம் வார்த்தை வைத்திருந்தவருக்கு, வேண்டும் என்று சொல்ல ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. 'வேணும்' என்கிற தேசத்துக்கு அவர் போனதே இல்லை. அரை நிமிடம் போயிற்று. பின்வரிசையில் யாரோ, "மோட்டார் நின்னுபோச்சு, தள்ளி விடுங்கப்பா," என்றார்கள்.

"எனக்கு இது வேணும்," என்றார் எமில்.

"சத்தமா," என்றார் பெட்டிஃபர்ட்.

"வேணும்டா! எங்க அக்கா கடை போயிடும்டா. எதிர்த்துப் பேசினா நீ ஆதரிப்பேன்னு பேசினேன். இருபத்துநாலு வருஷத்துல இன்னைக்குன்னு பார்த்து நீ திருந்தித் தொலைச்சிருக்கே."

கூட்டம் சிரித்தது. பெட்டிஃபர்ட் சிரிக்கவில்லை.

"சரி. வேணுங்கறே. நடக்குமா?"

"தெரியாது."

"பத்தொன்பது தடவை தெரிஞ்சுது?"

"நடக்காதுன்னு சொல்றது சுலபம்டா, டூயி. நம்ம ஊர்ல அதுக்கு அறிவே வேணாம், வானிலை மாதிரி. நான் ஒருதடவை மேசை மேல ஏறி நின்னு ஆயிரத்து இருநூறு பேரை ஆமாம் போட வச்சேன். அதுல நீயும் ஒருத்தன். உன் கல்யாணம்கூடத் தள்ளிப்போச்சு. அதுக்கப்புறம் எதையும் வேணும்னு கேக்க எனக்கு வாய் வரலை. நடக்காதுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போனா, நிம்மதியாத் தூக்கம் வந்துது. இது நடக்குமான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. பாழாப் போனாலும் போகலாம். ஆனா வேணும்."

இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. எமில் அதை உபயோகிக்காமல் போய் உட்கார்ந்தார். அப்படி ஒன்று இதற்குமுன் நடந்ததில்லை என்பதால், அடுத்தவரைக் கூப்பிட வேண்டும் என்பது நாடீனுக்குச் சிறிது நேரம் தோன்றவேயில்லை.

வாக்கெடுப்பு வந்தது. மூன்று, மூன்று. பெட்டிஃபர்ட் உத்தரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் எமிலைப் பார்த்தார்.

"இவன் தெரியாதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை," என்றார். "1979லயே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆதரவு."

திட்டம் நிறைவேறியது. யாரும் கைதட்டவில்லை, எங்கள் ஊரில் நல்லது நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பழக்கமில்லை. ஒருவர் எழுந்து, அப்படியானால் வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று கேட்டார். மார்கிட் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திவிட்டு, தம்பியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அது பாராட்டு என்று எமில் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் நாடீன் நடவடிக்கைக் குறிப்பை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். எமிலின் எதிரே காப்பியோடு உட்கார்ந்தாள்.

"எமில் ஐயா, ஒரே கூட்டத்துல ஒரே ஆள் பேர்ல ரெண்டு இருக்கு. பதினாலாவதா எதிர்ப்பு, பதினஞ்சாவதா ஆதரவு. ஒண்ணுதான் வைக்கலாம். எதை அடிக்கட்டும்?"

எமில் தாளை வாங்கிப் பார்த்தார். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது சரியாகச் சொன்ன ஒரே மனிதர் இந்த மாகாணத்திலேயே அவர்தான். எதிர்ப்பு அங்கேயே கிடந்தால், திட்டம் பாழாய்ப் போகும் நாளில் இருபதுக்கு இருபது. போகாவிட்டால் யாரும் பழைய குறிப்பைப் புரட்டப்போவதில்லை. எப்படிப் பார்த்தாலும் அதை அங்கேயே விட்டுவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கல்லாவுக்குப் பின்னால் மார்கிட், கட்டடச் சொந்தக்காரர் அனுப்பியிருந்த பத்து வருடக் குத்தகைப் பத்திரத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூன்றாவது தடவையாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டதாக எமிலுக்குத் தெரியாது.

"எதிர்ப்பை அடிச்சிடு," என்றார்.

நாடீன் பேனாவைத் திறந்தாள்.

"இரு, இரு," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார் எமில். "பென்சிலால அடி."