சாம்பல் நிற சோபாவில் நான்காம் நபர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் நகர்ப்புறப் பண்பாட்டு ஆய்வு மன்றத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இது தானாக வந்து என் மடியில் விழுந்தது.

மன்றம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் மாடியில் ஓர் அறை, பாதி மட்டும் திறக்கும் ஜன்னல், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊரில் மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், ஏன் என்று பார்த்து வந்து சொல்வது எங்கள் வேலை. லிஃப்டுக்குள் மக்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள் என்பது என் ஆய்வு. (சிரிக்காதீர்கள். உதவித்தொகை வருகிறது.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நகரம் என்பது அந்நியர்களின் மாபெரும்—"

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

2

அன்று கட்டுரை வாசித்தவன் நெட்டை; உயரத்துக்காக நாங்கள் வைத்த பெயர். என்னோடு சேர்ந்த ஆய்வு மாணவன், நல்லவன், எதைப் பார்த்தாலும் அதில் துயரம் கண்டுபிடிப்பான். எதுவும் வாங்காமல் கடைகளில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான்.

"நான்காம் நபர்," என்று வாசித்தான். "பெண். ஐம்பதைத் தாண்டியவர். மாலையில் அலுவலகம் முடிந்ததும் ஃபர்னிச்சர் கடைக்கு வருகிறார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். சாம்பல் நிற சோபாவின் நடுவில் உட்காருகிறார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, பிறகு அதைக் கைப்பைக்குள் தேடுகிறார். கிடைக்காததால் கைப்பையைத் திட்டுகிறார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கைப்பையைத் திட்டும் பெண் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். என்னைப் பெற்றவள். "பஸ் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே தினமும் வீட்டுக்குள் நுழைகிறவள்.

"சொந்த வீட்லயே இடமில்லாத ஒரு பெண்ணோட மௌனத் துயரம் மேடம் இது," என்று நெட்டை முடித்தான்.

"அபாரம்ப்பா!" என்றார் பேராசிரியை. "அந்தம்மாவ உடனே பேட்டி எடு. நம்ம மன்றத்தோட ஆண்டு மலர்ல முதல் கட்டுரை இதுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்வது.

3

இந்த இடத்தில் எனக்குக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நெட்டையின் நான்காம் நபரையும் என் அம்மாவையும் ஒட்டவைக்க முயன்றேன்: "அவள் கண்களில் சொல்லப்படாத ஒரு—"

அம்மா சொல்லாமல் விட்டது என்று எதுவும் கிடையாது. நகைச்சுவையைச் சொல்வதற்கு முன்பே சிரித்து முடித்துவிடுகிறவள் அவள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அந்தக் கடைக்குப் போய் ஒரு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அம்மா வந்தாள். உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"பீரோவுக்குப் பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வரலாம்," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "அந்த சென்ட்டு வாசனை தெருமுனையிலயே தெரியுது."

4

"என்னம்மா இது?"

"சோபா. உக்காந்து பாரு, மெத்துன்னு இருக்கு."

"வீட்ல ஏதாவது கஷ்டமா?"

"ஒரு கஷ்டமும் இல்லடி. ஆபீஸ்ல எல்லாருக்கும் நான் வேணும். வீட்ல எல்லாருக்கும் நான் வேணும். இங்க ஒருத்தருக்கும் நான் வேண்டாம். எவ்ளோ ஜாலியா இருக்கு தெரியுமா?"

கடைக்காரர் தூரத்திலிருந்து தலையாட்டினார். அவருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆளில்லாத சோபாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

"அப்பாகிட்ட சொல்லவா?"

அம்மா பதறி எழுந்தே விட்டாள். "ஐயோ, அந்த மனுஷன்கிட்ட மட்டும் சொல்லிடாத! உடனே ஒரு சோபா வாங்கிப் போட்டுடுவாரு. அதுல அவரோட பேப்பர் உக்காரும், உன் துணி உக்காரும், வர்றவங்க போறவங்க உக்காருவாங்க. நான் நின்னுக்கிட்டு அதுக்குத் தூசி தட்டணும். அப்புறம் நான் எங்கடி போவேன்?"

5

நெட்டையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் பேட்டிக்குப் போனான். வெள்ளிக்கிழமை தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் பேராசிரியை.

"முதல்ல உக்காருப்பான்னாங்க மேடம். உக்காந்தேன். தூங்கிட்டேன். கடை சாத்துறப்பதான் எழுப்பிவிட்டாங்க." கொஞ்சம் தயங்கினான். "மேடம், அந்த மௌனத் துயரத்த எடுத்துடலாம்னு பாக்குறேன்."

கட்டுரை போயிற்று. மலரில் பக்கங்கள் காலியாகிவிட்டன. "நீ கதையெல்லாம் எழுதுவேல்ல, ஒண்ணு குடேன்," என்றார் பேராசிரியை என்னிடம். அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்கோ. சோபா கலர மட்டும் மாத்திடு," என்றாள்.

(ஆகவே அது சாம்பல் நிறமில்லை. ஃபர்னிச்சர் கடைதானா என்றும் கேட்காதீர்கள்.)

முடிவாக மூன்று வைத்திருந்தேன். அப்பா சோபா வாங்குகிறார், அம்மா தூசி தட்டுகிறாள்: அழுகை வந்தது, அடித்துவிட்டேன். கடைக்காரர் சோபாவை அம்மாவுக்கே பரிசாகத் தருகிறார்: அதுவும் அதே ஆபத்துதான். மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை, அம்மா நாளைக்கும் அங்கே போய் உட்காருகிறாள். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அதோடு முடித்து, அச்செடுத்து, வீட்டில் மேசைமேல் வைத்தேன்.

6

இந்தப் பகுதி கதையில் கிடையாது. இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா அதை எடுத்துப் படித்துவிட்டார். நான் பயப்படவில்லை. கதையில் வரும் 'நான்' நானில்லை, அதில் வரும் அம்மா என் அம்மா இல்லை என்று பல வருடமாக அவருக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். அவரும் அதை அப்படியே நம்புகிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா எழுதியிருக்கடா கண்ணு. ஆனா அந்த வீட்டுக்காரன் சரியான மண்டு. பொண்டாட்டி கடையில போய் உக்காந்திருக்கா, அவனுக்குத் தெரியவே இல்ல பாரு." பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, நாம அந்த மாதிரி இருக்கக் கூடாது. நம்ம வீட்டுக்கும் ஒரு சோபா வாங்கிடுவோமா? இப்பவே போனா கடை தெறந்திருக்கும்."

அம்மா என்னைப் பார்க்கிறாள். எழுதினது நீதானே, நீயே சொல்லு என்கிற பார்வை.

நான் உங்களைப் பார்க்கிறேன். ஏதாவது சொல்லுங்கள், சீக்கிரம். அப்பா சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்.